தொண்டரும் ஊரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தொண்டு என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார். தமிழ் மேடைகளுக்கு இதைவிடப் பழகிய பொருள் வேறொன்று இல்லை. தொண்டின் பெருமையைப் பேசுவது எளிது, கேட்பது இனிது, கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு செல்வது அவை இரண்டினும் எளிது. ஆதலால் பெருமை பேசுவதைப் பிறர்க்கு விடுத்து, நாம் வாழும் இந்த ஊரிலிருந்தே என் பேச்சைத் தொடங்க எண்ணுகிறேன்.

உல்லாஸ்நகர் யாருடைய ஊர் எனக் கேட்டால், சிந்தி மக்களின் ஊர் என்றே எவரும் சொல்வர். அஃது உண்மையே. ஆயினும், 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் இந்த நகருக்கு அடிக்கல் நாட்டி, இந்தப் பெயரையும் சூட்டியவர் ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அந்நாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி அவர்களே அவர். உல்லாசம் என்றால் மகிழ்ச்சி. பக்கத்தில் ஓடுவது உல்லாஸ் ஆறு. பெயர் பொருத்தமானதுதான். ஆனால் பெயர் சூட்டிய நாளில் இந்த மண்ணில் மகிழ்ச்சி எங்கே இருந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது கல்யாணுக்கு அருகே படைவீரர்கள் தங்கிச் செல்வதற்கென அமைத்த பாசறை இது. கல்யாண் காம்ப் என்பது அதன் பழம் பெயர். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பாரக்குகள் இங்கே இருந்தன. போர் முடிந்தது, படை கலைந்தது, பாரக்குகள் பாழடைந்து கிடந்தன. 1947-இல் நாடு பிரிந்தபோது சிந்து மாகாணத்தில் வீடும் நிலமும் கடையும் விட்டுக் கப்பலேறி வந்தவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொண்டுவந்து இந்தப் பாரக்குகளில் அரசு தங்க வைத்தது. நீண்ட ஒரே கூடம். இடையில் சுவர் இல்லை. சாக்கையும் பழந்துணியையும் தொங்கவிட்டு அதையே சுவராகக் கொண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. இன்றும் நாம் முதல் நம்பர் காம்ப், நாலாம் நம்பர் காம்ப் என்று முகவரி சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் அந்தத் துணிச்சுவர் இருக்கிறது.

அரசு கூரை தந்தது, உணவுப் பொருள் தந்தது. அவ்வளவும் வேண்டியவையே, நன்றி மறக்கலாகாது. ஆயினும் ஓர் ஊர் கூரையாலும் கோதுமையாலும் ஆவதன்று. இரவில் பக்கத்துத் துணிக்கு அப்பால் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி எடுத்தால் யாரை எழுப்புவது, தண்ணீர்க் குழாயில் வரிசை தவறினால் யார் தட்டிக் கேட்பது, எழுதப் படிக்கத் தெரியாத முதியவளின் இழப்பீட்டு மனுவை யார் எழுதித் தருவது, இவற்றுக்கு அரசாணை எதுவும் கிடையாது. இவற்றைச் செய்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. அவர்கள் செய்ததனால்தான் பாசறை ஊராயிற்று.

சிந்தி மக்களிடம் நான் மிகவும் மதிக்கும் செய்தி ஒன்று உண்டு. சிந்து நாட்டு ஐதராபாத்தில் நேஷனல் கல்லூரியை நடத்தி வந்த பேராசிரியர் குந்தனானி அவர்கள், பிரிவினையில் அந்தக் கல்லூரியையே இழந்து வந்தவர். வந்தவர், பாரிஸ்டர் ஹோத்சந்த் அத்வானி அவர்களோடு சேர்ந்து 1949-லேயே பம்பாய் பாந்திராவில் அதே நேஷனல் கல்லூரியை மீண்டும் தொடங்கிவிட்டார். இழந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன். எழுப்பியது இரண்டே ஆண்டுகளில்! அவர்கள் தொடங்கிய கல்விக் குழுவே பின்னர் நம் உல்லாஸ்நகரிலும் கல்லூரி கண்டது. நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். தமக்கே வீடில்லாதபோது பிறர் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவனை என்னவென்று சொல்வது? நான் அவனைத் தொண்டன் என்பேன்.

இனி நம் கதைக்கு வருகிறேன். சகாட் செஞ்சுரி ரேயான் ஆலை, அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலை, கல்யாண் ரயில்வே பணிமனை, இவற்றில் வேலை தேடி நம்மவர் வந்தனர். வாடகை குறைவு என்பதனால் இங்கே குடியேறியவர் பலர். 1971-ஆம் ஆண்டு, என் பதினெட்டாம் வயதில், பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது, சிந்தி என்று ஒரு மொழி உண்டு என்பதே தெரியாது. தெரிந்தது பசி ஒன்றுதான்.

அந்நாளில் நாலாம் நம்பர் காம்பில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் சொன்னால் அவர்தம் மக்கள் விரும்புவார்களோ, மாட்டார்களோ; ஆதலால் சொல்லாது விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் எப்போதும் காத்திருப்பர். ஊருக்கு மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டியவர், ரேஷன் அட்டைக்கு விண்ணப்பம் எழுத வேண்டியவர், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் கேட்க வேண்டியவர் என இப்படி. ஆலையில் ஆறு நாள் உழைத்த மனிதர், ஏழாம் நாளையும் இப்படிக் கொடுத்துவிடுவார். கடிதத்தில் இறப்புச் செய்தி இருந்தால் உடனே படிக்க மாட்டார். மற்றவரை அனுப்பிவிட்டு, காபி வரவழைத்து, அந்த ஆள் குடித்து முடித்த பின்னரே மெல்லச் சொல்லுவார். அந்தப் பொறுமையை எந்தப் பள்ளியில் கற்றார் என நான் வியந்ததுண்டு. நான் இன்று எழுதும் சிறிதளவு இந்தி அவர் திண்ணையில் கற்றது.

மாதுங்காவில் இதே தொண்டு கல்விச் சாலையாயிற்று. தென்னிந்தியக் குழந்தைகள் தாய்மொழியில் படிக்க வழியில்லையே என்னும் கவலை கொண்ட எம். வி. வெங்கடேசுவரன் அவர்கள் 1932-ஆம் ஆண்டு தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். எஸ். ஐ. ஈ. எஸ். என்று நாம் அழைப்பது அதனைத்தான். சிறு பள்ளியாய்ப் பிறந்த அது, 1960-இல் சயானில் கல்லூரியாகி, இன்று நவி மும்பை நெரூல் வரை பரந்து நிற்கிறது. தொடங்கியவர் மறைந்த பின்னும் அது நிற்கிறது என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நான் பேச வந்த பொருள் அங்கேதான் இருக்கிறது. நம் நாலாம் நம்பர் காம்புப் பெரியவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மறு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணை வெறுமையாய்க் கிடந்தது. வந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயினர். அவர் நல்லவர், ஆனால் தமக்கடுத்து ஒருவரை அந்தத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை. நாங்களும், உட்காருகிறோம் என்று முன்வரவில்லை. குற்றம் இரு பக்கத்தும் உண்டு.

பிறர் குற்றம் சொன்னேன். இனி என் குற்றம் சொல்வதே முறை.

பதினோர் ஆண்டுகள் நான் ஒரு சிறு உதவிக் குழுவின் பொருளாளனாய் இருந்தேன். இறப்பு நேர்ந்தால் உடனடிச் செலவுக்கென நம்மவர் வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை தருவர். தொகை இரும்புப் பெட்டியில். பெட்டி என் வீட்டு அலமாரியில். சாவி என் பூணாரம் போல என் இடுப்பிலேயே. எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும், சுடுகாட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமெனில் எங்கே செல்ல வேண்டும், இவையெல்லாம் ஒரு குறிப்பேட்டில். குறிப்பேடும் அதே அலமாரியில். "நீங்கள் இருக்கையில் எங்களுக்கென்ன கவலை, அண்ணாச்சி" என்பார்கள். அந்தச் சொல் என் செவிக்கு இனித்தது. யாரேனும், "நான் ஓராண்டு பார்த்துக்கொள்ளட்டுமா?" எனக் கேட்டால், "உனக்கேன் தம்பி தொல்லை" என்பேன். அன்பினால் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

1994-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எனக்கு அறுவை மருத்துவம் நேர்ந்தது. நான் மருத்துவமனையில், என் மனைவி என் அருகில், வீடு பூட்டியிருந்தது. அன்றிரவு நம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் மாரடைப்பால் மாண்டுபோனார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; வயது நாற்பதைத் தாண்டாது; மனைவியும் இரு சிறு பிள்ளைகளும். குழுவினர் என் வீட்டு வாசலில் வந்து நின்று பூட்டைப் பார்த்தார்கள். பெட்டியில் பணம் இருந்தது. குறிப்பேட்டில் வழி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் பூட்டு இருந்தது. கொட்டும் மழையில் இரவெல்லாம் அலைந்திருக்கிறார்கள். பொழுது விடியும் நேரத்தில் அந்தத் தெருவின் பலசரக்குக் கடைச் சேட், செய்தி கேட்டுக் கடையைத் திறந்து கல்லாவில் இருந்ததை எண்ணாமல் எடுத்துத் தந்தாராம். சுடுகாட்டு ஏற்பாட்டுக்கும் அவரே ஆள் அனுப்பினாராம். சிந்தியிலிருந்து அகதியாய் வந்தவரின் மகன் அவர். பாரக்கில் பிறந்தவர்.

மூன்று வாரங்கள் கழித்து நான் தடியூன்றி அந்த வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் என்னைக் கண்டதும், "அண்ணாச்சி, இப்பம் ஒங்க ஒடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கோத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

அன்று மாலையே பெட்டிக்கு மூன்று சாவிகள் செய்வித்தேன். குறிப்பேட்டை மூன்று படிகள் எடுத்து மூன்று வீடுகளில் கொடுத்தேன். அடுத்த ஆண்டே பொறுப்பிலிருந்து விலகினேன். விலகியதால் என் மதிப்புச் சிறிது குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். தெருவில் வணக்கம் சொல்வோர் தொகை குறைந்தது. ஆனால் அதன்பின் எந்த வீட்டு இறப்பும் எந்தப் பூட்டின் முன்னும் நின்றதில்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட இதனை நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர் என்பதைப் பிற்பாடு படித்தபோது வெட்கமாய் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காகவே அவற்றை நாம் புகழ்கிறோம். முப்பது குடும்புகளிலும் பெயர்கள் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஆனால் என் நெஞ்சைத் தொட்டவை அவற்றினும் வேறான இரண்டு விதிகள். வாரியத்தில் இருந்தவர் 360 நாள் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். மூன்றாண்டு கழியும் வரை மீண்டும் வரலாகாது என்பது ஒன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர் என்பது மற்றொன்று. மகன் கணக்குக் காட்டாவிடில் தந்தைக்கும் வாய்ப்பில்லை! இன்றைய சங்கங்கள் சில இவ்விதியைக் கேட்டால் அஞ்சக்கூடும். (சிரிப்பு)

உடனே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் இடம் பெற நிலமும் மனையும் வேதப் படிப்பும் வேண்டியிருந்தன. பெண்களுக்கும் உழவர்க்கும் ஊரின் பிற குடிகளுக்கும் அங்கே பெயரெழுத ஓலை இல்லை. பழம்பெருமை பேசும்போது அதையும் பேசுவதே நேர்மை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விதியை. விட வேண்டியது வேலியை.

குடிமராமத்து என்னும் சொல்லை முதியோர் கேட்டிருப்பீர்கள். ஏரியும் வாய்க்காலும் ஊருடைமை. ஆதலால் ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வாருவர், கரை உயர்த்துவர். கூலி கேட்டவர் இல்லை, ஏனெனில் அந்த நீர் எல்லோர் வயலுக்கும் பாயும். வெள்ளையர் ஆட்சியில் இப்பழக்கம் தளர்ந்தது. தளர்ந்ததை நிமிர்த்த 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டு வந்தனர். தூர் வார வராதவனைத் தண்டிக்கலாம் என்பது சட்டம். அந்தச் சட்டம் பழைய வழக்கத்தை மீட்டுத் தரவில்லை. தன் ஏரி என்று வந்தவனைச் சட்டத்தின் ஏரிக்கு வா என்றால் எப்படி வருவான்? 2017-இல் தமிழ்நாட்டு அரசு அந்தப் பழம்பெயரையே வைத்து, பாசனம் பெறுவோர் பங்கேற்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. இதை ஏன் சொல்லுகிறேனெனில், நம் சங்கக் கூட்டத்தில் சென்ற திங்கள் ஒரு நண்பர், தொண்டுக்கு வராத குடும்பத்துக்கு அபராதம் விதிக்கலாம் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அபராதம் கட்டியவன் கடமை முடிந்தது என்று உறங்கிவிடுவான். நமக்கு வேண்டியது அவன் ஐம்பது ரூபாய் அன்று.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் வைத்ததை நான் அடிக்கடி எண்ணுவேன். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வது. ஊருக்கு வேண்டியதை, ஊரில் ஒருவன் என்பதனாலேயே செய்வது. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்னும் நிலை அங்கே இல்லை. நம் பெரியவர் திண்ணையில் நடந்தது ஒப்புரவு. பரிசுப் பொருள் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது வேறு. அதுவும் நன்றே, வேண்டாமென்று நான் சொல்லவில்லை, மலரில் படம் போட இடம் இருக்கிறது.

நாம் குடிவந்த மராட்டிய மண்ணிலும் இதற்கு ஆசான் உண்டு. 1876-இல் பிறந்து 1956-இல் மறைந்த காட்கே மகராஜ் கந்தலுடுத்து, கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராய்ச் சென்றவர். ஊருக்குள் நுழைந்ததும் சொற்பொழிவு செய்ய மாட்டார். முதலில் தெருவைப் பெருக்குவார். ஒரு சாமியார் பெருக்குகிறாரே என்று ஊரார் வெட்கி வந்து தாமும் பெருக்குவர். இரவில்தான் கீர்த்தனம். மக்கள் தந்த பணத்தைக் கொண்டு தரும சாலைகளும் பள்ளிகளும் கட்டச் செய்தார். மும்பையில் மருத்துவம் பெற வரும் ஏழை நோயாளிகளின் உறவினர் தங்குவதற்கும் அவர் பெயரால் தரும சாலைகள் உள்ளன. பரேலில் 1941-இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். மருத்துவர் இந்தியில் சொல்வது விளங்காமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து அழும் நம் கிராமத்து மனிதனை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியது பணமன்று. அரை நாள் உடனிருந்து மொழிபெயர்க்கும் ஓர் ஆள். இருமொழியும் மும்மொழியும் பேசும் நம் இளைஞர்க்கு இதைவிட எளிய தொண்டு எது?

பெருந்துன்பம் வரும்போது தொண்டர் தாமே முளைக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. ஓரளவு உண்மை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை இங்கே யார் மறப்பர்? சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில்கள் நின்றன, உல்லாஸ் ஆறு கரை மீறிக் கல்யாண், பத்லாப்பூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம், நம் வால்துனி ஆறும் வீடுகளுக்குள் புகுந்தது. தண்டவாளத்தின் மீதே ஆயிரக்கணக்கானோர் வீட்டை நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். இருட்டில் எந்தக் குடியிருப்பு என்றும் தெரியாத ஓரிடத்தில், ஒரு பெண்மணி தண்டவாளத்தின் ஓரமாய் அண்டாவில் தேநீரோடு நின்றாள். என்ன மொழி, என்ன சாதி என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் முகம்கூட எனக்குச் சரியாய் நினைவில்லை. தேநீரில் சர்க்கரை அதிகம் என்பது நினைவிருக்கிறது.

ஆயினும் பெருந்துன்பத்தில் முளைக்கும் தொண்டுக்கு வேர், துன்பம் இல்லாத நாளில் இருக்கிறது. தாராவியைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடச் சென்ற நம்மவர் பல தலைமுறையாய் வாழும் இடம். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல லட்சம் பேர். பொதுக் கழிப்பிடங்களே பெரும்பாலோர்க்குக் கதி. 2020 ஏப்ரல் முதல் நாள் அங்கே கொரோனாத் தொற்று முதன்முதலாய்க் கண்டறியப்பட்டபோது, தாராவி அழிந்தது என்றே பலரும் எண்ணினர். தனித்து இருங்கள் என்றால், பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் எங்ஙனம் தனித்திருப்பது? மாநகராட்சி முனைந்து நின்றது. அதற்கு உரிய புகழைத் தர வேண்டும். அதனோடு அந்தத் தெருக்களிலேயே நெடுநாள் மருத்துவம் பார்த்து வந்த தனியார் மருத்துவர்கள் பாதுகாப்பு உடையணிந்து வீடு வீடாய்ச் சென்றனர். தெரியாத அதிகாரிக்குக் காய்ச்சலை மறைத்தவர்கள், தம் பிள்ளைக்கு ஊசி போட்ட மருத்துவரிடம் மறைக்கவில்லை. உணவுப் பொட்டலம் கட்டியவர்களும், கழிப்பிடம் கழுவியவர்களும், சந்து சந்தாய் வழிகாட்டியவர்களும் அந்த ஊராரே. அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத் தலைவர், இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியா ஆகிய நாடுகளோடு சேர்த்துத் தாராவியையும் எடுத்துக்காட்டாய்க் குறிப்பிட்டார். நாடுகளின் வரிசையில் ஒரு குடிசைப் பகுதி!

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் அதே தாராவி எரிந்ததையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காயத்தின் மேல்தான், சமூக ஊழியர் பாவ் கோர்டே, வக்கார் கான் போன்றோர் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒரே தரையில் உட்கார வைக்கும் வேலையை ஆண்டுக்கணக்கில் பொறுமையாய்ச் செய்தார்கள். மொகல்லா குழுக்களில் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசுவது ஒரு தொண்டா என்று சிலர் நகைத்திருக்கலாம். முகம் தெரிந்தவன் வீட்டுக்குத் தீ வைப்பது கடினம். முகம் தெரிந்தவன் வீட்டுக்கு அரிசி கொண்டு செல்வது எளிது.

இந்த மேடையில் பேசுகையில் மேடைக்குப் பின்னுள்ள சமையற்கட்டை மறந்தால் நான் நன்றி கொன்றவன் ஆவேன். இன்று மாலை நமக்குக் கிடைத்த இனிப்பும், சற்று நேரத்தில் கிடைக்கப்போகும் உணவும், நேற்றிரவு தேங்காய் துருவிய கைகளால் வந்தவை. அக்கைகளுக்குரியவர்களில் ஒருவர்கூட இங்கே நாற்காலியில் இல்லை. மலரின் நன்றிப் பக்கத்தில் "மகளிர் அணியினர்" என்று ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிடுகிறோம். நாற்காலி வாடகைக்குத் தந்தவர்க்கோ பெயரும் முகவரியும் உண்டு. அடுத்த மலரிலேனும் அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் அச்சேற வேண்டும் என்பது என் விண்ணப்பம். பெயரோடு, செயற்குழுவில் இடமும் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய உண்டு. மாதக் கடைசியை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வெல்பவர்கள் அவர்கள்தாமே!

ஞாயிறு தமிழ் வகுப்பை இத்தனை காலமாய் நடத்தி வரும் அக்கா அவர்களும் அந்தச் சமையற்கட்டில்தான் இருக்கிறார்கள். சென்ற வாரம் என்னிடம் ஒரு சொல் சொன்னார்கள். கண் மங்கி வருகிறது. சிறு எழுத்து தெரியவில்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்கள். எனக்கு மீண்டும் அந்த மழைக்கால இரவின் பூட்டு நினைவு வந்தது. இவ்வளவு நேரம் நான் பேசியது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், மராத்தி. தமிழை எழுதுவது அந்த வகுப்பில் மட்டுமே. அது நின்றால், இதே மலரை இன்னும் இருபது ஆண்டுகளில் அச்சிடலாம். படிக்கத்தான் ஆள் இராது.

இளைஞர்கள் வருவதில்லை என்று பெரியவர்கள் குறைபடுகிறார்கள். அதில் பாதியைத்தான் நான் ஒப்புவேன். காலை ஆறரை மணி மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு சென்று இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவனிடம், வாரம் முழுதும் வா என்றால் எப்படி வருவான்? மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் என்று அளந்து கேளுங்கள். வந்தால் பொறுப்பைக் கொடுங்கள். நாற்காலி தூக்கவும் வாழையிலை கழுவவும் மட்டும் அவனைக் கூப்பிட்டு, தீர்மானத்தை நாமே எழுதிக்கொண்டால் மறுமுறை அவன் கைப்பேசியை எடுக்க மாட்டான். அவன் செய்தால் பிழை வரும். வரட்டும். நாம் செய்தபோது வராத பிழையா? இளைஞர்களுக்கும் ஒரு சொல்: பெரியவர் கூப்பிடட்டும் என்று காத்திராதீர்கள். நான் பதினோர் ஆண்டுகள் ஒருவரையும் கூப்பிடவில்லை என்பதை இப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே அவைத் தலைவர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். வரும் பொதுக்கூட்டத்திலிருந்து ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் அருகில், முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரைத் துணையாய் அமர்த்த வேண்டும்; இரண்டாண்டு முடிந்ததும் பெரியவர் எழ, துணைவர் அமர வேண்டும். வரவு செலவுக் கணக்கு ஆண்டுக்கொரு முறை அன்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த மண்டப வாசலில் ஒட்டப்பட வேண்டும். கணக்குக் கேட்பவன் பகைவன் என்னும் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. கணக்குக் கேட்பவன் இருக்கும் வரையில் சங்கத்தைத் தன் சங்கமென்று எண்ணுகிறவன் ஒருவனேனும் இருக்கிறான் என்று நான் கொள்கிறேன்.

தமிழ் வகுப்பைப் பற்றி இனி மேடையில் பேசிப் பயனில்லை. வாசலுக்கு இடப்புறம் ஒரு மேசை போட்டிருக்கிறது. அதில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கின்றன. அக்கா அவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறேனும் துணைநிற்க விரும்புவோர் அதில் பெயரெழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் குற்றமில்லை. தமிழை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். (சிரிப்பு) என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்; ஆனால் எனக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது என்பதைச் செயலாளர் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

உணவு ஆறுகிறது எனச் சமையற்கட்டிலிருந்து இரண்டாம் முறை ஆள் வந்துவிட்டது. பந்தியில் பரிமாற எட்டுப் பேர் வேண்டுமாம், நால்வர்தாம் இருக்கிறார்களாம். மூன்றாம் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் தம்பிமார் எழுந்து வருவீர்களாயின் நலமாயிருக்கும்.